புல்மோட்டை வெள்ளையும் நம் முகமும்

(புல்மோட்டையில் உழவர்களும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சித்திரக் கலையைப் பற்றிப் பேசுவதற்காகப் புல்மோட்டைக்குப் போகிறோம் என்று சொன்னபோது நண்பர் ஒருவர் நகைத்தார். "அங்கே நெல்லைப் பற்றிப் பேசுங்கள், மீனைப் பற்றிப் பேசுங்கள், காணி உறுதியைப் பற்றிப் பேசுங்கள், சனம் கேட்கும். சித்திரத்தைப் பற்றிப் பேசினால் கதிரைகள்தாம் கேட்கும்" என்றார். கதிரை போதாமற் பின்வரிசையில் நிற்கின்றவர்களைக் காணும்போது, அந்த நண்பரைக் கையோடு கூட்டி வந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. ஆயினும் அவர் கூற்றை நாம் முற்றாகத் தள்ளிவிடவில்லை. வயிற்றுக்கும் காணிக்கும் வழக்காடிக்கொண்டிருக்கும் மக்களிடம் ஓவியம் பேச வருகிறவன், தான் எதற்காக வந்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நாம் உங்கள் கடற்கரை மணலிலிருந்து தொடங்குகிறோம்.

இந்தக் கரையிலே கிடக்கின்ற கறுப்பு மணலை நீங்கள் பிறந்த நாள் முதல் மிதித்து வந்திருக்கிறீர்கள். அதிலே இல்மனைட் உண்டு, ரூட்டைல் உண்டு, சிர்க்கோன் உண்டு. 1957 ஆம் ஆண்டிலே இதற்கென்று கனிய மணற் கூட்டுத்தாபனம் ஒன்று அமைக்கப்பட்டதும், ஆலை எழுந்ததும், கப்பல்கள் வந்து மணலை அள்ளிச் சென்றதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த மணல் கடல் கடந்து போய் என்ன ஆகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இல்மனைட் என்பது இரும்பும் தைட்டேனியமும் ஒட்சிசனும் கூடிய கனிமம். அதைக் கந்தக அமிலத்திலே கரைத்து, இரும்பைப் பிரித்தெடுத்து, மிஞ்சியதைச் சூளையிற் சுட்டால் வெண்மையான தூள் ஒன்று கிடைக்கிறது. கன்னங்கரேலென்ற மணலிலிருந்து பாலைப் பழிக்கும் வெள்ளை! சுவருக்குப் பூசும் வர்ணத்திலே அது இருக்கிறது, பற்பசையிலே இருக்கிறது, வழவழப்பான காகிதத்திலே இருக்கிறது. நமது இன்றைய பேச்சுக்கு வேண்டியது வேறொன்று. ஓவியனுடைய தட்டிலே இருக்கின்ற வெள்ளை வர்ணமும் அதுவே.

முற்காலத்து ஓவியர்கள் ஈயத்திலிருந்து எடுத்த வெள்ளையைப் பயன்படுத்தினார்கள். அது நஞ்சு. அரைத்தவனையும் அழித்தது, தீட்டியவனையும் வருத்தியது. பின்னர் துத்தநாக வெள்ளை வந்தது. 1916 ஆம் ஆண்டளவிலே நோர்வேயிலும் அமெரிக்காவிலும் தைட்டேனிய வெள்ளையைப் பெருமளவில் ஆக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பின் வந்த ஓவியர் பலர், முகம் ஒன்றைத் தீட்டும்போது நெற்றியில் விழும் ஒளிக்கும், கண்ணின் ஓரத்திலே மினுங்கும் புள்ளிக்கும், கிழவியின் நரைத்த தலைக்கும் இந்த வெள்ளையைத்தான் தொட்டார்கள். எந்த நாட்டு ஓவியத்திலே எந்தக் கரையின் மணல் இருக்கிறது என்று யாராலும் பிரித்துக் காட்ட இயலாது. ஆனால் இத்தனை ஆண்டுக் காலம் இத்தனை கப்பல் மணல் போயிருக்கிறதே. உலகத்தில் எங்கோ, யாரோ ஒருவருடைய முகத்தின் ஒளியாகப் புல்மோட்டை நின்றுகொண்டிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அப்படியானால் புல்மோட்டையாருடைய முகம் எங்கே நிற்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே வந்தோம்.

நம் வீட்டுச் சுவர்களைக் கண் முன்னே கொண்டு வாருங்கள். சைவர் வீட்டிலே முருகனும் இலக்குமியும் இருக்கிறார்கள். இரவிவர்மா 1894 இல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து தெய்வங்கள் அச்சிலேறி வீடு தேடி வந்தன. பின்னர் கோவிற்பட்டிக் கொண்டையராஜு வரைந்த நாட்காட்டிப் படங்கள் மூலை முடுக்கெல்லாம் பரவின. முசிலிம் வீட்டிலே மக்காவும் மதீனாவும், அழகிய அரபெழுத்தும் இருக்கின்றன. இவற்றிலே குறை ஒன்றுமில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்? சினிமா நடிகர் இருக்கிறார். அரசியல் தலைவர் இருக்கிறார். தேர்தலுக்குத் தேர்தல் அவர் புதிதாகவும் வருகிறார். கரைவலை இழுத்து மார்பு காய்த்துப்போன நம் அப்பன் இல்லை. ஆறு பிள்ளையைப் பெற்று, அத்தனை பேருக்கும் சோறாக்கி, கடைசிப் பிடியைத் தான் உண்ட நம் ஆச்சி இல்லை, உம்மும்மா இல்லை.

புகைப்படம் இருக்கிறதே, கையடக்கத் தொலைபேசியிலே ஆயிரம் படம் கிடக்கிறதே என்பீர்கள். கிடக்கிறது, உண்மை. திருகோணமலையிலிருந்து வரும் வழியிலே ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க இறங்கினோம். சுவரிலே இளைஞன் ஒருவனுடைய படம், மாலை போடாமல் இருந்தது. கண்கள் நேரே பார்க்கின்றன; வாய் இறுகியிருக்கிறது; ஓரங்கள் மங்கிக் கரைந்திருக்கின்றன. மகனா என்று கேட்டோம். மகன்தான் என்றார் தாயார். தேசிய அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்து மாட்டியிருக்கிறார். வேறு படம் இல்லை. போனவன் திரும்பவில்லை. "என்ரை பிள்ளை இப்படி இருக்கிறவன் இல்லை ஐயா, எப்பவும் பல்லுத் தெரியச் சிரிச்சுக்கொண்டுதான் இருப்பான்" என்றார் அந்தத் தாய்.

அன்பர்களே, 1972 இலே இந்நாட்டில் அடையாள அட்டை வந்தது. போர்க்காலத்திலே நம் மக்களுக்கு அடையாளம் என்ற சொல்லுக்கே அந்த அட்டைதான் பொருளாயிற்று. சோதனைச் சாவடியிலே அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மொழி என்ன, ஊர் என்ன, மதம் என்ன என்று அந்தச் சிறு படத்திலே தேடினார்கள். அரசாங்கத்துக்கு வேண்டிய முகம் அது. அந்த முகத்திலே சிரிப்புக்கு இடமில்லை. ஒரு தாய்க்குத் தன் மகனைப் பற்றி மிஞ்சிய ஒரேயொரு சாட்சி, அவனைச் சந்தேகிப்பதற்காக எடுத்த படமாக இருக்குமானால், நாம் எதையோ செய்யத் தவறிவிட்டோம் என்றுதானே பொருள்?

மனித உருவத்தை வரைவது நமக்குப் புதிய சங்கதியன்று. மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று குறிக்கிறது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டு திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறது. காமனும் இரதியும் எழுதப்பட்டிருக்கிறார்கள். அகலிகையின் கதை எழுதப்பட்டிருக்கிறது. எமக்கு அதிலே பிடித்தது படம் அன்று, படத்தின் முன்னே நிற்கின்ற சனம். இது யார், அது யார் என்று சிலர் கேட்கிறார்கள், தெரிந்தவர் விளக்குகிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சுவரும் போயிற்று, வர்ணமும் போயிற்று. படத்தைச் சுட்டி ஒருவரோடொருவர் பேசிக்கொண்ட பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

அதன்பின் நெடுங்காலம் நம்மைப் பிறர் வரைந்தார்கள், அல்லது பிறர் வேண்டியபடி நாம் நம்மை வரைந்தோம். கும்பினி ஆட்சிக் காலத்திலே தஞ்சாவூரிலும் பிற இடங்களிலும் ஓவியர்கள் வெள்ளைக்கார உத்தியோகத்தருக்காகப் படத்தொகுதிகள் செய்து கொடுத்தனர். ஒரு தாளிலே ஓர் ஆண், ஒரு பெண்; கையிலே தொழிற் கருவி; அடியிலே சாதியின் பெயர். குயவன், நெசவாளி, கள்ளிறக்குவோன் என்று வரிசையாக நிற்பார்கள். கைத்திறனிலே குறை சொல்ல முடியாது; சேலைக் கரையின் இழையைக்கூட எண்ணலாம். ஆனால் எவருக்கும் பெயரில்லை. பூச்சியைக் குத்தி வைத்த பெட்டிக்கும் அந்தத் தொகுதிக்கும் அதிக வேற்றுமை இல்லை. அடையாள அட்டைக்கு அதுவே பாட்டன் என்று சொல்லலாம்.

இந்நிலை மாறிய கதை நீண்டது. பஞ்சாபித் தந்தைக்கும் அங்கேரித் தாய்க்கும் பிறந்த அம்ரிதா ஷெர்கில் பாரிசிலே ஓவியம் கற்றுத் திரும்பி, 1937 இலே தென்னாட்டைச் சுற்றிப் பார்த்து, சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தாரை வரைந்தார். கரிய மேனியின் கண்ணியத்தை எண்ணெய் வர்ணத்திலே நிறுத்தினார். இருபத்தெட்டு வயதிலேயே, 1941 இல் மறைந்துவிட்டார். அவரை இவ்வளவோடு விடுகிறோம். உழவர் நிறைந்த இந்தச் சபையிலே இன்னொரு படத்தைப் பற்றி விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

ஒல்லாந்து நாட்டிலே நூனன் என்றொரு சிற்றூர். அங்கே 1885 ஆம் ஆண்டு வின்சென்ட் வான்கோ என்ற ஓவியன் 'உருளைக்கிழங்கு உண்போர்' என்னும் படத்தைத் தீட்டினான். அதற்கு முந்திய மாரி முழுவதும் அவன் உழவருடைய குடிசைகளுக்குப் போய், தலை தலையாக, முகம் முகமாக வரைந்து பழகினான். படத்திலே என்ன இருக்கிறது? மேலே ஒரு விளக்குத் தொங்குகிறது. அதன் கீழே மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடுவிலே ஒரு தட்டில் ஆவி பறக்கும் கிழங்கு. ஒருத்தி கிண்ணங்களிலே கோப்பி வார்க்கிறாள். சிறுமி ஒருத்தி நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அவளுடைய முகம் நமக்குத் தெரியாது. அழகான முகம் ஒன்றுகூட இல்லை. எலும்பு துருத்திய கன்னம், தடித்த மூக்கு, முடிச்சு விழுந்த விரல். படம் முழுவதும் மண் அப்பிய கிழங்கின் நிறத்திலே இருக்கிறது. அவன் வேண்டுமென்றே அந்த நிறத்தைத் தேர்ந்தான்.

ஏன் அப்படி வரைந்தாய் என்று கேட்டவர் உண்டு. தட்டிலே நீட்டுகின்ற அந்தக் கைகளேதாம் நிலத்தைக் கிண்டி அந்தக் கிழங்கை எடுத்தன என்பதை, அவர்கள் தம் உணவை நேர்மையாகச் சம்பாதித்தார்கள் என்பதை, பார்ப்பவர் உணர வேண்டும் என்பதே தன் நோக்கம் என்று அவன் தன் தம்பிக்கு எழுதினான். உழவர் பெருமக்களே, இதைவிட உங்களுக்கு விளக்கம் வேண்டுமா? பெரும்போகம் வெட்டி, சூடடித்து, முதற் புதிரை வீட்டில் வைத்து உண்கின்ற இரவிலே நீங்கள் இருந்த இருப்பு அதுதானே. அவர்களுடைய மதம் வேறு, மொழி வேறு, தட்டிலே கிடப்பது வேறு. விளக்கைச் சுற்றி இருந்த இருப்பு ஒன்று.

இனி நமக்குக் கிட்டிய ஒருவரைச் சொல்லுகிறோம். வங்காளத்திலே 1914 இல் பிறந்தவர் சைனுல் ஆபிதீன். முசிலிம் குடும்பத்துப் பிள்ளை. 1943 இலே வங்காளத்தைப் பஞ்சம் பிடித்தது. இலட்சக் கணக்கானோர் மாண்டனர். சோறு விளைத்தவன் சோறின்றிக் கல்கத்தாத் தெருவிலே வந்து விழுந்தான். அந்நாளிலே ஆபிதீன் மலிவான தாளையும் கறுப்பு மையையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார். தாய் கிடக்கிறாள், பிள்ளை அவள் மேல் கிடக்கிறது, பக்கத்திலே காகம் நிற்கிறது. சில கோடுகள், அவ்வளவுதான். நெல் தட்டுப்பாடு இத்தனை தொன் என்று எழுதிய அறிக்கைகள் பல இருந்தன. அவற்றைப் படித்தவர் மறந்தனர். இந்தக் கோடுகளைக் கண்டவர் மறக்கவில்லை. அதே பஞ்சத்தை வரைந்த சித்தப்பிரசாத் என்பவருடைய நூலை அன்றைய பிரித்தானிய அரசாங்கம் பறித்து எரித்தது. வர்ணமும் இல்லாத வெறும் கறுப்புக் கோட்டுக்கு ஓர் ஏகாதிபத்தியம் அஞ்சிற்று!

அதே ஆபிதீன் 1948 இலே டாக்காவில் ஓவியக் கல்லூரியை நிறுவி நடத்தினார். 1970 நவம்பரிலே வங்கக் கரையைப் பெரும் புயல் அழித்தபோது, மன்புரா என்னும் தீவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஏறத்தாழ முப்பது அடி நீளமான சுருளிலே பிணக்குவியலை வரைந்தார். அதன் ஓரத்திலே உயிரோடு மிஞ்சிய ஒருவன் நமக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிறான்.

1964 டிசம்பரிலே திருகோணமலைக் கரையைப் புயல் அடித்தது. 2004 டிசம்பர் 26 இலே கடல் எழுந்து வந்து உங்கள் பிள்ளைகளைக் கொண்டு போயிற்று. 2009 இன் தொடக்கத்திலே, புதுமாத்தளனிலிருந்து காயக்காரரைக் கப்பலில் ஏற்றி இதே புல்மோட்டையிலே கொண்டுவந்து இறக்கினார்கள். மார்ச் மாதத்திலே இந்திய மருத்துவக் குழு இங்கே ஆசுப்பத்திரி அமைத்தது. கை போனவன், கால் போனவள், தாய் போன குழந்தை எல்லாம் இந்த மணலிலே இறங்கிற்று. உங்களுட் பலர் கண்ணாலே கண்டவர்கள். கண்டவர் கண்ணிலேயே அது தங்கிவிட்டது. முப்பதடிச் சுருள் வேண்டாம். மூன்றடிச் சீலையிலே அது எங்கே இருக்கிறது?

இந்த இடத்திலே சபையிலுள்ள இசுலாமியச் சகோதரர் சிலர் மனத்தில் ஒரு கேள்வி இருக்கும். உருவம் வரைதல் மார்க்கத்துக்கு அடுக்குமா என்பதே அது. மறைத்துப் பேசுவது நமக்கு வழக்கமன்று; ஆகையால் நாமே எடுத்துக்கொள்ளுகிறோம். தீர்ப்புச் சொல்ல நாம் ஆலிம்கள் அல்லோம். அத்துறையிலே அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு என்பதும், அக்பரும் சகாங்கீரும் தம் அரண்மனைகளிலே ஓவியரைப் போற்றினர் என்பதும், நாம் இப்பொழுது புகழ்ந்த ஆபிதீன் முசிலிம் என்பதும் மட்டுமே நாம் சொல்லத்தக்கவை. மனச்சாட்சி இடங்கொடாதவர் முகத்தை வரைய வேண்டாம். முகம் இல்லாமலும் ஒரு குடும்பத்தை வரையலாம். அதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அதைத்தான் இனிச் சொல்லப்போகிறோம்.

இலங்கையில் 1943 இலே இலயனல் வென்ட் முதலானோர் கூடி அமைத்த நாற்பத்து மூன்றாம் குழுவைப் பற்றிக் கொழும்பில் நிரம்பப் பேசுவார்கள். ஜோர்ச் கீற், ஐவன் பீரிசு, ஜஸ்டின் தரணியகல, கிராமத்து வாழ்வை அன்போடு வரைந்த ரிச்சர்ட் கேப்ரியல் எல்லாரும் அதிலே இருந்தவர்கள். பெருமைக்குரியவர்களே. ஆனால் 1938 இலேயே யாழ்ப்பாணத்தில் எசு. ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கியதை நம்மவரே மறந்துவிட்டனர். அவருக்குப் பின் வந்தவருள் அ. மாற்கு நமக்கு மிக வேண்டியவர். 1933 இலே பிறந்து, கொழும்பிலே நுண்கலை பயின்று, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலே சித்திர ஆசிரியராக இருந்தவர். மேனாட்டு நவீன ஓவியத்தை நன்கு பயின்றும், கண்ணைத் தம்மைச் சூழ்ந்த மனிதர் மேலேயே வைத்திருந்தார். பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுத்தார். 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீட்டை விட்டு நடந்தார்களே, அந்நாளிலே யார் ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார்? அரிசியைத் தூக்கினார்கள், பிள்ளையைத் தூக்கினார்கள். மாற்குவின் படங்களிற் பல போரிலும் இடப்பெயர்விலும் அழிந்து போயின. 2000 ஆம் ஆண்டிலே அவரும் மறைந்தார். சித்திர ஆசிரியர் ஒருவரிடம் பயின்ற பிள்ளைகள் மிஞ்சினார்கள்; அது சிறிய காரியமன்று. அந்தப் பிள்ளைகளுள் வாசுகி மட்டக்களப்பிலே பெண்களின் உருவங்களை வரைகிறார். இன்னொருவர் தா. சனாதனன்.

சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கலை வரலாறு கற்பிப்பவர். 2004 இலே யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே, ஆம், 1981 இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பட்ட அதே நூலகத்திலே, ஐந்நூறு வீடுகளிலிருந்து ஒவ்வொரு பொருளாகக் கேட்டு வாங்கிக் காட்சிக்கு வைத்தார். 2011 இலே அவருடைய நூல் ஒன்று வெளிவந்தது. 'முற்றுப்பெறாத தோம்பு' என்று அதன் பெயரைத் தமிழிலே சொல்லலாம். தோம்பு என்றால் என்னவென்று காணிக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பறங்கியரும் ஒல்லாந்தரும் வரி வாங்குவதற்காக எழுதிய காணிப் பதிவு அது. ஒல்லாந்தன் வரிக்கு எழுதினான். சனாதனன் இழப்புக்கு எழுதினார்.

அவர் செய்தது இதுதான். போரினால் வீட்டை இழந்து இடம்பெயர்ந்த வடபுலத்தவரிடம் போனார். உங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். ஓவியர் எவருமல்லர், பென்சிலைப் பிடித்து நாளானவர்கள். நடுங்கும் கோட்டிலே வீட்டின் அடித்தளத்தை வரைந்து கொடுத்தார்கள். இது விறாந்தை, இது அறை, இது கிணறு, இங்கே மாமரம், இங்கே ஆட்டுக்கொட்டில். அந்தப் படத்தின் பக்கத்திலே கட்டடக் கலைஞன் வரைவது போன்ற ஒழுங்கான வரைபடம். அதன் பக்கத்திலே சனாதனனுடைய சொந்த ஓவியம். கூடவே அவர்கள் சொன்ன கதை. வீட்டை விட்டு வந்தவர்களுள் தமிழரும் உண்டு, தமிழ் பேசும் முசிலிம்களும் உண்டு. 1990 ஒக்டோபரிலே வட மாகாணத்து முசிலிம்களை ஆயுதமுனையில் வெளியேற்றிய கொடுமையை நாம் மறக்கவும் கூடாது, தமிழர் கூட்டத்திலே சொல்லாமல் விழுங்கவும் கூடாது. யாழ்ப்பாணத்து முசிலிம்களுக்குக் கொடுத்த தவணை இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரத்திலே எதை எடுப்பது? எடுக்க முடியாததைத்தான் இருபது ஆண்டு கழித்துப் பென்சிலால் வரைந்தார்கள்.

அந்த வரைபடங்களிலே ஒரு முகமும் இல்லை. ஆனால் அறையைக் கண்டால் அங்கே படுத்தவர் தெரிகிறார். கிணற்றைக் கண்டால் அள்ளியவர் தெரிகிறார். தமிழர் வரைந்ததையும் முசிலிம் வரைந்ததையும் பெயரை மறைத்துப் பக்கத்திற் பக்கம் வைத்தால், இன்னது இன்னாருடையது என்று சொல்லப் பெரிதும் மினக்கெட வேண்டியிருக்கும். தொழுகைக்குத் துப்புரவு செய்த மூலை ஒன்றிலே இருக்கும். சாமியறை மற்றதிலே இருக்கும். கிணறும் மாமரமும் இரண்டிலும் இருக்கும்.

இந்தச் சுற்றுவட்டாரத்திலே இப்படி வரைய எத்தனை வீடு இருக்கிறது! தென்னமரவடியை எண்ணிப் பாருங்கள். 1984 இலே ஊரோடு பெயர்ந்தார்கள். கால் நூற்றாண்டு காட்டுக்குக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்தவர் திரும்பி வந்தனர், வராதவர் வரவில்லை. கொக்கிளாய்க்கு அப்பாலும் அதே கதை. எல்லையைப் பற்றியும் காணியைப் பற்றியும் நமக்குள்ளும் அயலாரோடும் வழக்குகள் உண்டு. அவற்றை நீதிமன்றமும் அரசியலும் பார்க்கட்டும். உறுதிக் கடதாசியிலே காணியின் எல்லை இருக்கிறது. அந்தக் காணியிலே யார் இருந்து யாரோடு சோறு பகிர்ந்தார் என்பது அதிலே எழுதப்படுவதில்லை. அதை எழுதுகின்ற உத்தியோகத்தர் எந்தக் கந்தோரிலும் இல்லை.

ஆகையால் நாம் கேட்பது பெரிதன்று. பாடசாலையிலே ஆறாம் வகுப்பு முதல் அழகியற் பாடம் ஒன்றைப் பிள்ளை எடுக்க வேண்டும். சித்திரம் அவற்றுள் ஒன்று. பெற்றோர் அதைப் பாடமாகவே எண்ணுவதில்லை. கணக்குக்கு ரியூசன், விஞ்ஞானத்துக்கு ரியூசன். சித்திர நேரத்திலே பிள்ளை பூச்சாடியும் சூரியோதயமும் வரைந்துவிட்டு வருகிறது. தென்னை மரத்துக்குப் பின்னே சூரியன் எழுகின்ற அந்தப் படத்தை நாமும் சிறு வயதிலே நூறு தரம் வரைந்திருக்கிறோம். அந்தச் சூரியனுக்கு இனி ஓய்வு கொடுக்கலாம். ஒரு தவணை முழுவதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு முதியவர் ஒருவரை இருத்தி வரையட்டும். முகம் வேண்டாம் என்பவர் அவருடைய கையை வரையட்டும். வலையை, மண்வெட்டியை, வெற்றிலைத் தட்டத்தை, வீட்டுத் தளத்தை வரையட்டும். அடியிலே பெயர், பிறந்த ஊர், இங்கே வந்த ஆண்டு, செய்த தொழில் எழுதட்டும். பெயரில்லாத படம் ஒன்றும் வேண்டாம். கும்பினிக்காரன் செய்த பிழையை நாம் செய்யலாகாது. அவற்றைக் கட்டி ஒரு பிரதியைப் பாடசாலையிலும் ஒரு பிரதியைப் பொது நூலகத்திலும் வைக்கட்டும். தமிழ்ப் பாடசாலை ஒரு கட்டும் முசிலிம் பாடசாலை இன்னொரு கட்டுமாகச் செய்வதை நாம் விரும்பவில்லை. ஒரே கட்டாகக் கட்டவேண்டும்.

பிள்ளை வரைவது கோணலாக இருக்குமே என்று ஆசிரியர் ஒருவர் கூட்டத்துக்கு முன் கேட்டார். இருக்கும். ஆனால் அரைமணி நேரம் ஒரு பிள்ளை தன் உம்மும்மாவின் முகத்தையோ அப்பாச்சியின் கையையோ உற்றுப் பார்க்குமே, அதற்கு முன் எப்போதாவது அப்படிப் பார்த்திருக்குமா? பார்க்கும்போது கேட்கும். இந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்கும். அவர் சொல்லுவார்.

செலவு என்ன? தாளும் பென்சிலும் வர்ணமும். இந்தக் கரையிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேலாக மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறியது. வெள்ளையாகிப் பெறுமதி ஏறியது வேறு நாட்டிலே. அந்த இலாபக் கணக்கை இங்கே விரிக்க நேரமில்லை. அந்த மணலின் வருவாயிலிருந்து இவ்வட்டாரப் பாடசாலைகளுக்கு ஆண்டுதோறும் வர்ணமும் தூரிகையும் வாங்கிக் கொடுக்குமாறு கேட்பது பிச்சையாகாது. கேட்டு மனு எழுதுகிறோம். மன்றத்திலே இருக்கின்ற உத்தியோக நண்பர்கள் நல்ல தமிழிலும் நல்ல சிங்களத்திலும் அதை எழுதித் தாருங்கள், உழவரும் கடற்றொழிலாளரும் கையெழுத்திடுங்கள். பதில் வரும் வரையும் காத்திருக்க வேண்டாம். முதற்கட்டுத் தாளை நாம் கொண்டுவந்திருக்கிறோம். அதோ, மேசையின் கீழே இருக்கிறது. வர்ணப் பெட்டியிலே வெள்ளைக் குழாய் மட்டும் இரண்டு கூடுதலாக வாங்கினோம்.

மஃரிபுத் தொழுகைக்கு நேரம் நெருங்கிவிட்டது. தொழுதுவிட்டு வருகின்றவர்கள் வரும் வரையும் காத்திருப்போம். வந்த பின்னர், இங்கே முன்வரிசையிலே இருக்கின்ற இந்தப் பெரியவர், எண்பது வயது என்கிறார், தம் கையை வரைவதற்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் பென்சிலைச் சீவி வைத்துக்கொள்ளுங்கள்.